மாதினேயோவின் வெள்ளைக்கொடி

மாதினேயோ என்றால் தினேயோவின் அம்மா. அந்தப் பெயரை வைத்தது மாமியார். பத்தொன்பது வயதில் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குதிரையில் வந்து இறங்கிய அன்றே கம்பளியைப் போர்த்தி, "இனிமே நீ மாதினேயோ" என்று சொல்லிவிட்டார்கள். பசூத்தோ மக்களின் வீடுகளில் அப்படித்தான். பிள்ளை பிறக்குமுன்பே பிள்ளையின் பெயர் மருமகளுக்கு வந்துவிடும். வந்த பெயருக்குப் பிள்ளை பெற வேண்டியது அவள் பாடு. அவளுக்கு முதலில் ஒரு பையன், பிறகு இன்னொரு பையன். அதன் பிறகு புருஷன் பகிசோ தங்கச் சுரங்கத்திலிருந்து இருமலோடு திரும்பி வந்தான். இரண்டு குளிர்காலம் சுவரோரம் வெயில் காய்ந்தான். மூன்றாவதைப் பார்க்கவில்லை. தினேயோ என்பது பெண் பெயர்; அந்தப் பெண் பிறக்கவே இல்லை. ஊரில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பகிசோ போன பிறகு அவள் கள் காய்ச்ச ஆரம்பித்தாள். வேறு என்ன செய்வது? நிலம் சரிவில் கிடந்தது, பாதி மண்ணை மழை கொண்டுபோயிருந்தது. வீடு மட்டும் நல்ல இடத்தில் இருந்தது. ஆற்றைக் கால்நடையாகக் கடக்கும் துறைக்கு நேர் மேலே, மேட்டில். வைத்தியசாலை, மாவு மில், தலைநகர் மசேருவுக்குப் போகும் பேருந்து எல்லாம் அக்கரையில். கோடையில் மழை பிடித்து ஆறு பெருகினால் கடக்க முடியாது. வந்தவர்கள் அவள் வாசலில் உட்கார்ந்து தண்ணீர் வடியக் காத்திருப்பார்கள். காத்திருப்பவனுக்குத் தாகம் எடுக்கும்.

சோளத்தை முளைகட்டி, அரைத்து, காய்ச்சி, புளிக்கவிட்டு வடிப்பாள். பதம் வந்ததும் வாசலில் கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டிவிடுவாள். அந்த மலைநாட்டில் அதற்கு மேல் விளம்பரம் தேவையில்லை. வெள்ளை என்றால் சோளக் கள். மஞ்சள் என்றால் மக்காச்சோளக் கள். சிவப்பு என்றால் இறைச்சி, பச்சை என்றால் காய்கறி. கள் தீர்ந்ததும் கொடியை இறக்கிவிட வேண்டும். கள் இல்லாத வீட்டில் வெள்ளைக்கொடி பறந்தால் அது பொய். மலையேறி வந்தவன் திட்டிவிட்டுப் போவான், அடுத்த தடவை வரமாட்டான். இன்னொரு வழக்கமும் உண்டு. ஊற்றுகிறவள் முதல் வாயைத் தானே குடித்துக் காட்ட வேண்டும். மாதினேயோ இரண்டிலும் தவறியதில்லை.

ஆற்றால் பிழைத்தாள் என்றாலும் ஆற்றோடு அவளுக்கு நட்பு இருந்தது என்று சொல்ல முடியாது. மசேரு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு சவப்பெட்டி அவள் சாமான் குடிசையில் வெள்ளம் வடியும்வரை கிடந்திருக்கிறது. வைத்தியசாலைக்குக் கிளம்பிய ஒரு பெண் அவள் பாயில்தான் பெற்றாள். அந்த நாட்களில் அவள் கொடி ஏற்றவில்லை.

அயர்லாந்துக்காரர்கள் பாலம் கட்டித் தரப்போகிறார்கள் என்ற சேதி தொண்ணூறுகளின் நடுவில் வந்தது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் குடிதண்ணீர்க் குழாய் போட்டவர்கள் அவர்கள்தான். கெரெங் அதைச் சொன்னான். சுரங்கத்திலிருந்து ஓய்வு பெற்றுக் கழுதைகளில் ஆட்டுமயிர் ஏற்றிக்கொண்டு திரிகிறவன். வாய்க்காரன். அங்கே பெண்ணை ம்மே, ஆணை ந்தாதே என்பார்கள், அம்மா, ஐயா என்பதுபோல.

"அவங்களும் நம்மளப் போலத்தானாம், ம்மே. சின்ன நாடு. பக்கத்துல ஒரு பெரிய நாடு, தலைமாட்டுல உக்காந்திருக்காம். ஆடு ஜாஸ்தி, மழை ஜாஸ்தி."

"அப்புறம் எப்படிப் பணம் வந்துச்சாம்?"

"அதத்தான் கேட்டேன். யாருக்கும் தெரியல."

எஞ்சினியர் வந்தாள். ஓர்லா என்று பெயர். முப்பது வயதிருக்கும், மூக்கு முழுக்கப் புள்ளி. மசேருவில் மூன்று மாதம் மொழி படித்துவிட்டு வந்திருந்தாள். ஊர்த்தலைவி அவளை மாதினேயோ வீட்டில் தங்கவைத்தாள். காலியாக ஒரு வட்டக் குடிசை அங்கேதான் இருந்தது. வெளியிலிருந்து வந்து தங்குகிறவர்களுக்கு வீட்டுக்காரர்கள் பெயர் வைப்பார்கள். முதல் நாள் களியும் கீரையும் பரிமாறிவிட்டு மாதினேயோ யோசிக்கவே இல்லை.

"உன் பேரு தினேயோ."

அன்று கெரெங் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனான். "நம்ம மாதினேயோவுக்கு ஒருவழியாப் பொண்ணு பொறந்துட்டா. கொஞ்சம் லேட்டு. பூட்ஸ் போட்டுக்கிட்டே பொறந்திருக்கா."

ஓர்லா காலையில் கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றோடு நடப்பாள், மாலையில் வந்து அடுப்போரம் உட்காருவாள். பாலம் துறையிலேதான் வரும் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. வழி அங்கே இருக்கிறது, எஞ்சினியர் சாப்பிடுவதும் அங்கே. கொஞ்சம் பேர் அதைக் குத்தலாகவும் சொன்னார்கள். மாதினேயோ காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாலம் வாசலில் வந்தால் போகிறவனும் வருகிறவனும் அவள் முற்றத்தைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். காத்திருப்பவர்கள் போனாலும் கடப்பவர்கள் இருப்பார்கள். பெரிய மகன் மசேருவில் ஒரு அறை எடுத்து இருந்தான். "அங்க என்னத்துக்குத் தனியா, வந்துடு" என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கூப்பிட்டான். அந்த அறையை அவள் பார்த்திருக்கிறாள். கட்டிலில் உட்கார்ந்தால் கதவு முழங்காலில் இடிக்கும்.

ஒரு நாள் விடிந்ததும் சாம்பல் கொட்ட முற்றத்தின் விளிம்புக்கு வந்தவள் அப்படியே நின்றாள். ஆற்றோடு கீழே, அரைமணி நடை தூரத்தில், இரு பக்கமும் பாறை நெருங்கும் இடுக்கில், வெள்ளைக்கொடிகள். ஒன்றில்லை. இக்கரையில் மூன்று, அக்கரையில் இரண்டு. காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன.

ஐந்து பேர் ஒரே நாளில் கள் வடித்திருக்கிறார்களா? யார்? அந்த நிலம் உபதேசியார் மொஹாபியுடையது. கள் வாசனை பட்டாலே போட்டிருக்கும் கோட்டைக் கழற்றி மாற்றுகிற மனிதர். அவர் நிலத்திலேயே கடை போட்டிருக்கிறார்கள் என்றால்! ஓர்லாவின் குடிசைக் கதவு திறந்துகிடந்தது. அவளும் அங்கேதான் போயிருக்கிறாள். என் களியைத் தின்றுவிட்டு அங்கே போய்க் குடிக்கிறாள் என்று நினைத்தாள். கம்பளியை இழுத்து ஊக்குக் குத்திக்கொண்டு இறங்கினாள்.

இடுக்கை நெருங்கும்போதே குதிரைகள் தெரிந்தன. மலையின் நாலு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்திருந்தார்கள், தகரக் குவளைகளோடு. நடுவில் மூன்று கால் கருவியைப் பிடித்துக்கொண்டு ஓர்லா. அவள் முகம் சிவந்திருந்தது. எதிரில் கறுப்புக் கோட்டோடு உபதேசியார், கையிலிருந்த தடியால் ஆகாயத்தைக் குத்திக்கொண்டிருந்தார்.

"என் நிலத்துல! என் ஜெப வீட்டுக்கு முன்னால! சாத்தானோட கொடி அஞ்சு!"

"ந்தாதே, இது அளக்குறதுக்கு. தூரத்துலேர்ந்து பாக்குறதுக்கு" என்றாள் ஓர்லா.

"நாங்களும் தூரத்துலேர்ந்துதானே பாத்தோம்" என்றான் கெரெங். "அஞ்சு கொடி. ஒரு சொட்டு கெடையாது. நான் அந்த மலைக்கு அங்கேர்ந்து கழுதையப் பாதியில விட்டுட்டு வரேன். ஐயர்லாந்துல இப்படித்தான் விருந்தாளியக் கூப்புடுவீங்களா?"

மாதினேயோவுக்கு விஷயம் புரிந்தது. கோபம் போன இடத்தில் சிரிப்பு வந்தது. ஒரு கம்பைப் பிடுங்கித் துணியை அவிழ்த்தாள். ஓர்லாவின் படுக்கை விரிப்பைக் கிழித்தது.

"வேற கலர் கட்டு, தினேயோ."

"சிவப்பு?"

கூட்டத்தில் ஒருவன், "கறி எங்கே?" என்றான்.

"பச்சை?"

"முட்டைக்கோசு."

"மஞ்சள்?"

உபதேசியார் தடியை மறுபடி தூக்கினார். கடைசியில் ஓர்லா தன் மழைக்கோட்டின் நீலத் துணியைக் கிழித்துக் கட்டினாள். நீலத்துக்கு அந்த நாட்டில் யாரும் எதையும் விற்பதில்லை.

சிரிப்பு அடங்கியதும் மாதினேயோ ஆட்களிடம் திரும்பினாள். "வீட்டுல ஒரு பானை பதமா இருக்கு. வாங்க."

அவர்கள் மேட்டைப் பார்த்தார்கள். அங்கிருந்து பார்த்தால் அவள் வீடே தெரியவில்லை, பாறை மறைத்தது.

"அவ்ளோ தூரம் ஏறணுமா, ம்மே?" என்றான் ஒருவன். "ஆத்தக் கடக்குறவனுக்குச் சரி. நாங்க இப்படியே திரும்பிடுறோம்."

இரண்டு மூன்று பேர் வந்தார்கள். மற்றவர்கள் குதிரைகளைத் திருப்பினார்கள். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஓர்லாவிடம் கேட்டாள்.

"எதுக்கு இங்க அளக்குற?"

ஓர்லா சுற்றி வளைக்கவில்லை. "துறையில ரெண்டு கரையும் கூழாங்கல்லு, ம்மே. தொங்குபாலத்து வடத்தக் கட்டிப் பிடிக்க எதுவும் இல்ல. முதல் வெள்ளத்துல போயிரும். இங்க பாறை. பாலம் இங்கதான் வரும். இன்னிக்கு ராத்திரி உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

"பாறைதான் சொல்லுச்சா, உபதேசியார் சொன்னாரா?"

"பாறை."

அதன் பிறகு கொஞ்ச நாள் அவர்களுக்குள் பேச்சில்லை. சாப்பாடு மட்டும் வேளைக்கு வந்தது. கீரையில் உப்பு கூடக் குறையவில்லை. அதுதான் ஓர்லாவுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு மாலை அவள் தட்டைக் கழுவிக்கொண்டே, "என்னைத் திட்டிடுங்க" என்றாள்.

"பெத்த பொண்ணுன்னா திட்டியிருப்பேன்" என்றாள் மாதினேயோ. அடுப்பை ஊதிவிட்டு, "தட்டக் கவுத்து வை. ஈ மொய்க்கும்" என்றாள்.

நிலத்துக்காக ஊர்க்கூட்டம் கூடியது. தலைவியை எல்லோரும் மொரேனா என்றுதான் அழைப்பார்கள், ஆண் தலைவர்களை அழைப்பதுபோலவே. அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், ஊர் தரையில். உபதேசியார் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"நிலத்தைக் குடுக்குறேன், மொரேனா. ஒரு காசு வேண்டாம். ஆனா ஒரு வார்த்தை. என் நிலத்துல, பாலத்து வாசல்ல, யாரும் கள் விக்கக் கூடாது. ஊத்தவும் கூடாது, கொடி கட்டவும் கூடாது. சம்மதம்னா எடுத்துக்கங்க."

எல்லோரும் மாதினேயோவைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள். பார்த்தது தலைவி மட்டும்.

"ஒரு காரியத்தால நஷ்டம் வர்றவங்க மொதல்ல பேசணும், அதுதான் முறை. ம்மே மாதினேயோ, உனக்கு ஆட்சேபணை இருந்தா சொல்லு. இன்னொரு கூட்டம் போடலாம்."

இன்னொரு கூட்டம் என்றால் அறுவடைக்குப் பிறகு. அதற்குள் அந்தப் பாலத்துக்கான கம்பியும் சிமெண்டும் வேறு பள்ளத்தாக்குக்குப் போய்விடும் என்று ஓர்லா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். மாதினேயோ எழுந்தாள். கம்பளியைச் சரிசெய்துகொண்டாள்.

"அந்தப் பெட்டி என் குடிசையில கெடந்தப்போ ஈ ஓட்டுனது நானு. அந்தக் கொழந்தைக்குத் தொப்புள் அறுத்தது நானு. பாலம் வேணாம்னு நான் எப்படிச் சொல்லுவேன்? கட்டுங்க. எனக்கு ஆட்சேபணை இல்ல."

உட்காரப் போனவள் நிமிர்ந்தாள்.

"ஒண்ணு மட்டும். எனக்கு ஒரு கம்பம் வேணும். இரும்புல. உசரமா."

"எதுக்கு?" என்றார் உபதேசியார்.

"என் முத்தத்துல நடுறதுக்கு, ந்தாதே. கத்தாழைத் தண்டு காத்துக்கு ஒடிஞ்சுடுது."

"என் நிலத்துல கொடி கூடாதுன்னு சொன்னேன்."

"உங்க நிலத்துல இல்லியே. நீங்க நிலத்தத்தான் குடுக்குறீங்க. ஆகாசத்த இல்ல."

சிரிப்பு எழுந்தது. கெரெங் தொடையைத் தட்டினான். தலைவி கூட வாயைக் கையால் மறைத்தாள். உபதேசியார் தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

பாலத்தின் கைப்பிடிக்கென்று வர வேண்டிய இரும்புக் குழாய்கள் இருந்தன, ஆனால் ஓர்லா உடனே சரி என்று சொல்லவில்லை. "அது பாலத்தோடது, ம்மே. என்னோடது இல்ல. மிச்சமானாப் பாக்கலாம்." மாதினேயோவுக்கு அந்தப் பதில் பிடித்தது. கேட்டதும் தலையாட்டிவிடுகிறவர்களை அவள் நம்புவதில்லை.

வேலை ஒரு குளிர்காலம் முழுக்க நடந்தது. சிமெண்டைக் கழுதைகளும் வடத்தைத் தோளோடு தோளாக மனிதர்களும் கணவாய் தாண்டிக் கொண்டுவந்தார்கள். ஒரு குழாய்க் கட்டு வழியில் சரிந்து உருண்டதில் ஒன்று வளைந்துபோனது. கைப்பிடிக்கு உதவாது. ஓர்லா அதை எங்கோ கேட்டு அனுமதி வாங்கி, நான்கு பேரை விட்டு மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு வரச்செய்தாள். மாதினேயோவின் முற்றத்தில் குழி தோண்டி, மீந்த சிமெண்டுக் கலவையில் நட்டார்கள். நுனியில் வளைவு இருந்ததால் கம்பம் பாறைக்கு மேலே கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பதுபோல் நின்றது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் மாதினேயோ. "கெரெங்கு மாதிரி. யார் வீட்டுல என்னன்னு பாக்குது."

ஆனால் கம்பம் மட்டும் போதவில்லை. வடம் இழுத்துப் பலகை போட்டதுமே, திறப்பு விழாவுக்குக் காத்திராமல், ஜனங்கள் இடுக்கு வழியே நடக்கத் தொடங்கிவிட்டார்கள். துறைக்குப் போகும் தடத்தில் புல் முளைத்தது. கொடி ஏற்றினால் முன்பு ஒரு பானை ஒரு பகலில் தீரும். இப்போது மிச்சம் புளித்துப் பன்றிக்குப் போனது. கொடியைப் பார்த்தவர்கள்கூட உபதேசியாரின் ஜெப வீட்டு முன்னால் நின்று மேலே ஏறக் கூச்சப்பட்டார்கள். இலவசமாக நிலம் கொடுத்த மனிதர். அவர் கண் முன்னால் எப்படி?

திறப்பு விழாவுக்கு முதல் வாரம் மாதினேயோ பக்கத்து வீடுகளில் பானைகள் இரவல் வாங்கினாள். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு காய்ச்சினாள்.

"இவ்ளோவும் போகலன்னா?" என்று ஓர்லா கேட்டாள்.

"மசேருவுக்குப் போயிடுவேன். மகன் அறையில முழங்கால மடக்கிக்கிட்டு உக்காருவேன். போகுதான்னு பாக்குறேன்."

விழாவில் போட்டுக்கொள்ள ஊர் கொடுத்த கம்பளியை ஓர்லா மாதினேயோ முன்னால்தான் முதலில் பிரித்துப் போர்த்திப் பார்த்தாள். கோடுகள் குறுக்கே கிடந்தன. "கோடு நெட்டுக்க இருக்கணும். குறுக்கப் போட்டா வளர்ச்சி நின்னுடும்" என்று மாதினேயோ திருப்பிப் போட்டுவிட்டாள். "இதுக்கு மேல நான் எங்க வளரப்போறேன்?" என்றாள் ஓர்லா. "அது உனக்கெப்படித் தெரியும்?"

விழா நாளில் மாதினேயோ கீழே போகவில்லை. பதத்துக்கு வந்த கள்ளை விட்டுவிட்டுப் போக முடியாது. முற்றத்தின் விளிம்பில் நின்றால் பாறைக்கு மேலாக எல்லாம் தெரிந்தது. பாலத்தின் மேல் நாடா. இக்கரையில் கூட்டம், கம்பளிகள், குதிரைகள். அயர்லாந்திலிருந்து வந்த பெரிய மனிதர் கம்பளிக்குள் வியர்த்துக்கொண்டு நின்றார். தலைவி பேசினாள். அவர் பேசி நாடாவை வெட்டினார். இரண்டு நாட்டுச் சிநேகிதம் என்று மொழிபெயர்ப்பவன் ஒலிபெருக்கியில் சொன்னது மேடு வரை கேட்டது. பிள்ளைகள் பாடினார்கள். பிறகு இன்னொருவர் பேசினார்.

கள் பதம் தாண்டக் கூடாது. அவள் கயிற்றை இழுத்தாள். வெள்ளைத் துணி வளைந்த நுனிவரை ஏறிப் படபடத்தது.

கீழே தலைகள் திரும்பின. அவ்வளவு பேரும் திரும்பினார்கள், குதிரைகள் மட்டும்தான் திரும்பவில்லை. ஆனால் ஒருவரும் நகரவில்லை. உபதேசியார் ஜெபத்துக்கு எழுந்து நின்றுகொண்டிருந்தார். தலைகள் மறுபடி குனிந்தன. மாதினேயோ திண்டுக் கல்லில் உட்கார்ந்தாள். ஜெபம் நீண்டது. மசேரு அறையின் கதவு அவள் முழங்காலில் இடித்தது.

அப்போது கறுப்புக் கோட்டு ஒன்று கூட்டத்தை விட்டுப் பிரிந்தது. உபதேசியார்தான். ஜெபத்தை நடுவில் நிறுத்திவிட்டார். தலைகள் குனிவதும் திரும்புவதுமாக இருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு மேட்டுத் தடத்தில் ஏறத் தொடங்கினார். கோபத்தில் வேகமாக ஏறினார். கீழே இருந்து பார்த்தவர்களுக்குக் கோபம் தெரியாது, வேகம் மட்டும்தான் தெரியும்.

முற்றத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"கொடிய எறக்கு, ம்மே. ஜெபம் முடியல. முடிச்சிட்டு ஏத்திக்க."

"எறக்குனா கள் தீந்துபோச்சுன்னு அர்த்தம், ந்தாதே. பானை நிறைய இருக்கு. என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களா? அதுவும் இன்னிக்கு?"

உபதேசியார் தடியைச் சுவரில் சாய்த்தார். கல்லில் உட்கார்ந்தார். அவள் புளித்த கூழை ஒரு குவளையில் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். அதில் போதை கிடையாது, சபையில் எல்லோரும் குடிப்பதுதான். அவர் வாங்கி ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார்.

தடத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது. அவர் குவளைக்கு மேலாகப் பார்த்தார். கம்பளிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்துகொண்டிருந்தன. சிலர் குதிரையில். முன்னால் கெரெங்.

"உபதேசியாரே மொத ஆளா வந்துட்டாரு!" என்று கத்தினான். "ஜெபத்தக்கூட முடிக்கல மனுஷன். அப்ப நாங்க மட்டும் என்ன பாவம் பண்ணினோம்?"

"இது கூழுடா!" என்றார் உபதேசியார்.

"ஆமா ந்தாதே, கூழுதான். நாங்களும் கூழுதான் குடிக்க வந்தோம்."

முற்றம் நிறைந்தது. இரவல் பானைகள் வெளியே வந்தன. பின்னால் ஓர்லா வந்தாள், கோடுகள் நெட்டாக விழுந்த கம்பளியோடு. அவளுக்குப் பின்னால் அந்தப் பெரிய மனிதர், கையில் நாடா வெட்டிய கத்தரிக்கோலை எங்கே வைப்பதென்று தெரியாமல். உபதேசியார் எழுந்து போகவில்லை. ஜெபத்தின் மிச்சத்தை அங்கேயே சொல்லட்டுமா என்று கேட்டார். சொல்லுங்கள் என்றாள் மாதினேயோ. எல்லோரும் குவளையைக் கையில் பிடித்துக்கொண்டு தலை குனிந்தார்கள். சுருக்கமாக முடித்தார்.

"ஊத்துங்க ம்மே" என்றான் கெரெங்.

"பொறு."

அவள் அகப்பையைப் பானைக்குள் விட்டுக் கலக்கி மொண்டாள். எல்லோரும் பார்க்க, முதல் வாயைத் தானே குடித்தாள்.